பம்பருக்குள்ளே ஓர் அன்பளிப்பு

பம்பரைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது எழுத்துதான்.

இரும்பின் மேல் எழுத்து. பெயின்ட் அல்ல. வெல்டிங் ராடைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக உருக்கி, ஓர் எழுத்துகூடக் கோணாமல் எழுதியிருந்தது: 'எட்வின் குடும்பத்தார் அன்பளிப்பு.' பக்கத்தில் ஒரு சிலுவை.

செம்பூரில் உள்ள என் கேரேஜில் அப்போது காலை பத்து மணி இருக்கும். மழை விட்டிருந்தது. வாசலில் ஈரச் சாக்கின் வாடை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே அந்த எழுத்தை இரண்டு முறை படித்தேன். எழுந்த வேகத்தில் கால் பட்டு டீ கிளாஸ் உருண்டது.

"கூறு கெட்ட மனுசன்!" என்று கத்தினேன். கேரேஜில் இருந்த எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அது எங்கள் ஐயருடைய வண்டி. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள் நாங்கள், சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் மனைவி ஐயரம்மா. தாராவியில் உள்ள எங்கள் சபையார் சேர்ந்து அவர்களுக்கு வாங்கிக் கொடுத்த கார் அது. எட்வின் என் மனைவி கிரேசின் அண்ணன், எனக்கு மச்சான். தாராவியில் கிரில் கேட்டும் ஷட்டரும் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார்.

என் தங்கை மகள் கல்யாணத்துக்காக நாங்கள் குடும்பத்தோடு இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தோம். அந்த நேரம் பார்த்து ஐயரும் ஐயரம்மாவும் வாஷியில் ஒரு வீட்டு ஜெபத்தை முடித்துத் திரும்பும்போது, முன்னால் போன டெம்போவின் பின்புறத்தில் இடித்திருக்கிறார்கள். ஐயரம்மாவுக்கு சீட் பெல்ட் பட்டுத் தோளில் ஒரு கன்றல். ஐயருக்கு அதுவும் இல்லை. வண்டியின் மூக்கு மட்டும் உள்ளே போய்விட்டது.

நான் இங்கே இல்லை. மச்சான் இருந்தார். அதுதான் வினை.

தகரம் என்று திட்டியவர்கள்

இப்போதைய கார்களில் பம்பர் என்று நாம் தொட்டுப் பார்ப்பது வெறும் பிளாஸ்டிக் மூடி. அதற்குப் பின்னால் குறுக்கே ஒரு பீம் இருக்கும். அந்த பீமுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே, இடமும் வலமுமாக இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். கிராஷ் பாக்ஸ் என்போம். மெல்லிய இரும்பு. பக்கத்தில் வேண்டுமென்றே மடிப்பு வைத்திருப்பார்கள். இடித்தால் அந்த மடிப்பில் மடங்கி, அடியை வாங்கிக்கொண்டு, தான் சப்பளிந்துபோகும். அதற்குப் பின்னால்தான் சேசிஸ் லெக் என்கிற இரண்டு நீளமான கால்கள். அதற்கும் பின்னால் மனிதர்கள்.

ஐயர் வண்டியில் அந்தப் பெட்டிகள் இரண்டும் கச்சிதமாக மடங்கியிருந்திருக்கின்றன. அதனால்தான் ஐயரம்மா மறுநாளே எழுந்து ஆப்பம் சுட்டிருக்கிறார். ஆனால் எங்கள் ஜனங்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாத்தியளா, வெறும் தகரம்! கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்! கர்த்தர்தான் காப்பாத்தினார்!"

கர்த்தர் காப்பாற்றினார் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தத் தகரத்தை வைத்துத்தான் காப்பாற்றினார் என்பதை ஏன் ஒருவரும் யோசிக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

மச்சான் மடங்கிய பெட்டிகளை வெட்டி எறிந்துவிட்டு, ஷட்டர் சட்டத்துக்குப் போடுகிற கனத்த இரும்புச் சேனலைக் குறுக்கே வைத்து, சேசிஸ் லெக்கின் நுனியோடு சேர்த்து வெல்டு அடித்துவிட்டார். மடங்க இனி எதுவும் இல்லை. அடுத்த முறை இடித்தால் அந்த அடி முழுவதும் நேராக உள்ளே உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சுக்குப் போகும். மோதலை உணர்ந்து காற்றுப்பையை விரிக்கச் சொல்கிற சென்சாரை அதன் இடத்தில் மாட்டாமல் சேனலில் சாய்த்து, கேபிள் டை போட்டுக் கட்டியிருந்தார். மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

ஐயருக்கு போன் போட்டுக் கேட்டேன். "அதுவா, மூணு வாரமா எரியுது. எட்வின் ஒண்ணும் இல்லைன்னாரே?" என்றார்.

பெயின்ட் அடிக்கத்தான் வண்டி என்னிடம் வந்தது. பெயின்ட்!

எழுதாத பொருள் எங்கள் சபையில் இல்லை

மச்சானை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இது எங்கள் வழக்கம்.

எங்கள் ஆலயத்தில் மின்விசிறி ஓடும்போது சாதாரண மின்விசிறிதான். நின்றால் மூன்று இறக்கையிலும் மூன்று பெயர். டியூப் லைட்டில் பெயர் எழுதியதால் வெளிச்சம் குறைவு. நாற்காலி முதுகில் பெயர், தண்ணீர் டிரம்மில் பெயர், சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்குச் சோறு வடிக்கிற அண்டாவில் பெயர். கொடுத்த பொருளை யாரும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, எடுத்து வெளியே போடவும் கூடாது. ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்று வருஷக் கணக்கில் தொங்குகிறது. கொடுத்தவர் குடும்பம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, எப்படிக் கழற்றுவது?

காசு கொடுக்க முடியாதவர்கள் கைத்தொழிலைக் கொடுப்பார்கள். தையல்காரர் பாடகர் குழுவின் அங்கியைத் தைப்பார். எலக்ட்ரீஷியன் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவார். அதெல்லாம் நல்ல வழக்கம்தான், நானே மெச்சுவேன். ஆனால் கடிகாரம் ஓடாவிட்டால் ஆராதனை தாமதமாகும், அவ்வளவுதான். இது உயிர் அல்லவா?

இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் சேனலுக்குப் பிரதிஷ்டையும் நடந்திருந்தது. நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோதே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையார் எல்லாம் வண்டியைச் சுற்றி நின்று, பம்பர் மூடியை மாட்டுவதற்கு முன் ஜெபம் பண்ணி, ஞானப்பாட்டுப் பாடி, மச்சானுக்குச் சால்வை போட்டிருக்கிறார்கள்.

நானும் யோக்கியன் இல்லை

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொழில் பழகிய காலத்தில், மாட்டுங்காவில் ஒரு கேரேஜில், நானும் இதையேதான் செய்தேன். வளைந்த லெக்கை காஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, சுத்தியலால் அடித்து நிமிர்த்தி, மேலே ஓர் இரும்புப் பட்டியை வைத்து வெல்டு அடிப்போம். "ஏக்தம் மஜ்பூத்!", படு உறுதி என்று தட்டிக் காட்டுவோம். வண்டிக்காரரும் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவார். கனம்தான் பலம் என்று நினைத்த காலம்.

அப்புறம் ஒரு கார் கம்பெனி எங்களுக்கு மூன்று நாள் வகுப்பு வைத்தது. சுவரில் கார் மோதுகிற படத்தை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்கள். உள்ளே பொம்மை உட்கார்ந்திருந்தது. முன்பகுதி மடங்கிய காரில் பொம்மை முன்னால் சாய்ந்து திரும்பியது. மடங்காத காரில் அதன் கழுத்து போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. மத்தியானம் சாப்பிடவும் முடியவில்லை. நான் பட்டி வைத்து அனுப்பிய வண்டிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

அந்த பொம்மை இன்னும் என் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு வாய் நீளம்.

பாரிஷ் ஹாலில்

வண்டியைத் தர மாட்டேன் என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சேதி தாராவிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது கிரேஸ் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"எங்க அண்ணன் செஞ்சா மட்டும் ஒங்களுக்குக் குத்தம்."

"ஒங்க அண்ணன் கேட் செய்யட்டும். நா கும்பிட்டு வாங்கி மாட்டுதேன். கார்ல என்னத்துக்குக் கை வைக்கணும்?"

"எல்லாம் தெரிஞ்ச ஆளுதான் நீங்க. நாம ஊர்லருந்து வந்ததுலருந்து நம்ம வண்டி ஸ்பீடு பிரேக்கர்ல முன்னாடி இடிக்குன்னு சொல்லுதேன். ஒரு நாளாச்சும் என்னன்னு பாத்தியளா?"

"ஒனக்கு மெதுவா ஏத்தி எறக்கத் தெரியல. வண்டிய ஏன் சொல்லுத?" என்றேன். அதற்குமேல் இரண்டு நாள் எங்கள் வீட்டில் பேச்சு இல்லை. மகள் ஜெனிதான் நடுவில் தூது. ஏழாவது படிக்கிறாள், தூதுக்குச் சாக்லேட் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாரிஷ் ஹாலில் என்னை நிறுத்தினார்கள். கமிட்டி எதிரே உட்கார்ந்தது. ஐயரும் ஐயரம்மாவும் ஓரமாக. மச்சான் வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் பேசியவர் சபைச் செயலாளர். அணுசக்தி நகரில் இருக்கிறார், ஓய்வு பெற்ற இன்ஜினியர். அவராவது என் பக்கம் பேசுவார் என்று நம்பித்தான் போனேன்.

"தம்பி, அது பிரதிஷ்டை பண்ணின பொருள். மினிட்ஸ்ல ஏத்தியாச்சு. எடுக்கணும்னா இன்னொரு தீர்மானம் வேணும். அடுத்த கமிட்டி அடுத்த மாசம்தான்."

"சார், அடுத்த மாசம் வரைக்கும் டெம்போக்காரன் பிரேக் போடாம இருப்பானா?"

"இப்படிப் பேசக் கூடாது."

"நீங்க இன்ஜினியர்! ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியும். ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றார். எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. தெரியாமல் செய்தவரைக்கூட மன்னிக்கலாம், தெரிந்துகொண்டு மினிட்ஸைப் புரட்டுகிறவரை என்ன சொல்ல?

மச்சான் முன்னால் வந்தார். "மாப்ள, நா செஞ்சதுல என்ன கொற? லாரி வந்து மோதினாலும் அசையாது. எழுதித் தாரேன்."

"அதான் மச்சான் கொற. அது அசையணும்."

ஹாலில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மழையில ரயில் பாதி வழியில நின்னா தண்டவாளத்துல குதிக்கோம்லா. முட்டிய மடக்கிக் குதிப்பியளா, வெறைச்சுக்கிட்டுக் குதிப்பியளா? வெறைச்சுக் குதிச்சா இடுப்பெலும்பு போயிரும். வண்டிக்கு முட்டி அந்தப் பெட்டிதான். நீங்க முட்டிய அறுத்துட்டு இரும்புத் தடி வச்சுருக்கிய!"

சிரிப்பு நின்றது. ஐயரம்மா எழுந்தார். சத்தமாகப் பேசி அவரை யாரும் பார்த்ததில்லை.

"அன்னைக்கு இந்தச் சேனல் இருந்திருந்தா எனக்கு என்ன ஆயிருக்கும்?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தோள்ல கன்றலோட போயிருக்காதும்மா. விலா எலும்பு போயிருக்கும். அதுக்கு மேலயும் ஆயிருக்கலாம்."

அவர் தோளைத் தடவிக்கொண்டு ஐயரைப் பார்த்தார். "ஜெபம் பண்ணி வச்சதுன்னா ஜெபம் பண்ணியே எடுப்போம். இதுக்குத் தீர்மானம் என்னத்துக்கு?"

ஐயர் தலையாட்டினார். மச்சான் என்னைப் பார்க்காமல், நாற்காலியில் போட்டிருந்த குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனார். கிரேஸ் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். ஜெயித்தவன் நான்தான். ஆனாலும் அந்த ஹாலில் என்னோடு பேச ஒருவரும் வரவில்லை.

கழற்றுவதற்கும் ஒரு முறை உண்டு

செவ்வாய்க்கிழமை ஐயர் கேரேஜுக்கு வந்து, எங்கள் பையன்கள் தலையைக் குனிந்து நிற்க, "அன்போடு கொடுத்ததை அன்போடு எடுக்கிறோம்" என்று ஜெபித்தார். தகரம் தட்டுகிற முஸ்தபாவும் ஆமென் சொன்னான்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிக் காத்திருந்தோம். கரண்ட் முழுவதும் வடியாமல் காற்றுப்பை ஒயர் பக்கம் கை போகக் கூடாது. சேனலை அறுத்து இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், அவ்வளவு கனம். லெக்கின் நுனி வெல்டிங் சூட்டில் வெந்து நீலம் பாய்ந்திருந்தது. இந்த இரும்பு சூடு பட்டால் குணம் மாறிவிடும், நிமிர்த்தி உபயோகமில்லை. கம்பெனிப் புத்தகத்தில் வெட்டலாம் என்று சொன்ன இடத்தில் மட்டும் வெட்டிப் புதுத் துண்டு வைத்தோம். அதற்கு முன் குறுக்கும் நெடுக்கும் அளந்தோம். ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. இழுத்துச் சரிசெய்து மறுபடி அளந்தோம்.

பிறகு புதுப் பெட்டிகள், புது பீம். பழையதை நிமிர்த்தி மாட்டுகிற பேச்சே கிடையாது. ஒருமுறை மடங்கியது தன் வேலையை முடித்துவிட்டது. போல்ட்டுகளைக் கைக்கு வந்தபடி முறுக்காமல், அளவு காட்டும் ஸ்பேனரில் முறுக்கினோம். துருவுக்கு உள்ளே மெழுகு அடித்தோம். சென்சாரை அதன் இடத்தில், அம்புக்குறி முன்னால் பார்க்க மாட்டினேன். ஒயரை இணைத்துச் சாவியைத் திருப்பினோம். சிவப்பு விளக்கு எரிந்து, அணைந்தது.

அந்த விளக்கு அணைகிற நொடிக்காகத்தான் இவ்வளவு சண்டையும். அதைப் பார்க்க அந்தக் கமிட்டியில் ஒருவரும் இல்லையே என்று மறுபடி எரிச்சல் வந்தது.

மச்சான் வந்தார்

மறுநாள் காலை மச்சான் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த சேனலைப் பார்த்தார். தன் எழுத்தின் மேல் விரலை ஓட்டினார். அப்புறம் ஐயர் வண்டியின் முன்னால் குந்தி, புதுப் பெட்டியின் மடிப்பைக் கட்டை விரலால் அழுத்தினார்.

"இதுவா மாப்ள மடங்கும்?"

"ஆமா மச்சான்."

"மடங்கினா ஆளு பொழைக்கும்?"

"பொழைக்கத்தான் வச்சுருக்கான்."

அவர் எழுந்திருக்கவில்லை. "அன்னைக்கு ஹால்ல நீங்க விலா எலும்புன்னு சொன்னியள்லா. அதுலருந்து தூக்கம் இல்ல. மாப்ள, கோவிச்சுக்கிடப்படாது. ஒங்க வண்டிய லிஃப்ட்ல ஏத்துங்க."

"எங்க வண்டியா? என்னத்துக்கு?"

"ஏத்துங்கன்னா ஏத்துங்க."

மழையில் தெருவில் நிற்க வேண்டாம் என்று, ஊருக்குப் போகும்போது எங்கள் காரை அவர் பட்டறையில்தான் விட்டுச் சென்றோம். பழைய மாடல். முன்னால் சென்சார் கிடையாது, அதனால் எந்த விளக்கும் எரியவில்லை. அன்று ஜெனியைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் ஓட்டி வந்திருந்த அந்த வண்டியை லிஃப்டில் ஏற்றி, பம்பர் மூடியை நானே கழற்றினேன். அதே கனத்த சேனல். ஸ்பீடு பிரேக்கரில் இடித்த இடத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதற்கு மேலே அதே அழகான கையெழுத்தில், 'தங்கச்சிக்கும் ஜெனிக்கும்.'

"ஐயர் வண்டிக்குச் செய்யும்போது, நம்ம பிள்ளையளும் இதே ரோட்டுலதான போகுதுன்னு தோணிச்சு. ஒங்ககிட்ட சொன்னா வேண்டாம்பிய. அதான் சொல்லல" என்றார். மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

அவரைத் திட்ட எத்தனையோ வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவர் கிரைண்டரை எடுத்தார். "தள்ளுங்க மாப்ள. நானே அறுக்கேன்."

"பேட்டரி ஒயரக் கழட்டாம அதத் தொடாதீங்க!" என்று கத்தினேன். அவர் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஒயரைக் கழற்றினார்.

நான் கிரேசுக்கு போன் போட்டேன். இரண்டு நாள் பேச்சில்லாமல் இருந்ததற்கும், அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்கத்தான் போட்டேன். ஆனால் அவள் குரலைக் கேட்டதும் ஒன்றுதான் சொல்ல முடிந்தது. "ஜெனிய இன்னைக்குப் பஸ்ல கூட்டிட்டு வா."

மூன்று வாரம் என் மகள் தினமும் அந்த வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனாள். ஐயரம்மாவின் விலா எலும்புக்காக நான் ஊரைக் கூட்டிக் கத்திய அந்த ஞாயிற்றுக்கிழமையும், நாங்கள் மூன்று பேரும் அதில்தான் போய் அதில்தான் திரும்பி வந்தோம்.